ஊசிமலை ஆபீஸில் அட்டைகள் புகுந்த ஆண்டு

2006ஆம் ஆண்டு ஜூலை பன்னிரண்டாம் திகதி காலை ஏழரை மணிக்கு, வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே உள்ள ஊசிமலைத் தோட்டத்தின் ஆபீஸில், கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நாற்பத்தொரு அட்டைகள் வெளியே வந்தன. அன்று காலைவரை பெய்த மழை இரண்டு அங்குலம். கொழுந்து சுமார். அட்டைகள் நூல் போல மெலிந்து சாம்பல் நிறத்தில் இருந்தன. டெலிபோன் வயரின் மேல் ஊர்ந்து, கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே போய், எழுத்துப் பலகையின் இடுக்குகளால் வெளியே வந்து, திரையின் சூட்டில் ஒட்டிக்கொண்டன. பெரிய கிளாக்கர் துரைராசா கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து ஒன்றை நசுக்கினார். ரத்தம் வரவில்லை. திரையில் கறுப்பாக ஒரு கறை படிந்தது. கிட்டப்போய்ப் பார்த்தபோது அது ‘சோலைமலை, 1951’ என்று இருந்தது.

துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். பெயரில் துரை இருந்தாலும் தோட்டத்துத் துரையான மேனேஜர் வேறு ஆள். இவர் இருபத்திரண்டு வருடமாக ஆபீஸில் இருந்தார். 1997இல் அடித்த காற்றில் ஆபீஸ் கூரை பறந்து, தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயர்கள் எழுதிய பெரிய புத்தகங்கள் ஐந்தும் நனைந்தன. அடுத்த வருடம் கொழும்புத் தலைமை ஆபீஸ் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. துரைராசா இரண்டு விரல்களால், பதினான்கு மாதங்கள் உட்கார்ந்து, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் அதில் பதிந்தார். காளான் பூத்த புத்தகங்களை எரித்துவிடும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, எரித்தார்கள். பதிவாளருக்கு அனுப்பவேண்டிய பிறப்புப் படிவங்கள் எல்லாம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்து, அதில் எலி குட்டி போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆகவே, இந்த மனிதர்கள் இந்த நாட்டில்தான் பிறந்தார்கள் என்பதற்கான சாட்சி அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தது.

2000ஆம் ஆண்டு கம்ப்யூட்டருக்கு டெலிபோன் இணைப்புக் கொடுத்தார்கள். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு சீடி தபாலில் வந்தது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் மென்பொருளைச் செய்தவர்கள், அதில் புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பதற்காக அனுப்பும் திருத்தங்கள் அந்தச் சீடியில் இருந்தன. துரைராசா ஒன்றையும் போடவில்லை. “ஓடுற வண்டிக்கு ஏன் சில்லைக் கழட்டுவான்?” என்பது அவருடைய கொள்கை. சீடிகளை அவருடைய மனைவி பூரணம் நூலில் கட்டி, குவாட்டர்ஸுக்குப் பின்னால் பயித்தங்காய்ப் பந்தலில் தொங்கவிட்டார். வெயிலில் அவை மினுங்கியதால் கிளிகள் வரவில்லை. ஆறு வருடங்களில் பந்தல் நீளமானது. 2006 ஜூலை தொடக்கத்தில் சீடிக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. இந்த மென்பொருள் பழையதாகிவிட்டது, செய்தவர்கள் பதினோராம் திகதியோடு இதைக் கைவிடுகிறார்கள், இனித் திருத்தங்கள் வராது என்று அதில் இருந்தது. துரைராசாவுக்கு நிம்மதியாக இருந்தது. கடிதத்தைக் கோப்பில் போட்டார்.

அட்டைகளுக்கு அந்தச் செய்தி எப்படித் தெரிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னும் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு வந்து, மேசையில் காய்ந்து கிடந்ததுண்டு. பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு அவை வயர் நிறைய வந்தன. மழை விட்ட நேரங்களில் பார்த்தால், ஓடையைக் கடந்து ஆபீஸ் வரை வரும் கம்பியில், ஈரத்துணி காயப்போட்டது போல வரிசையாகத் தொங்கி நகர்ந்தன. துரைராசா வயரைப் பிடுங்கியும் பார்த்தார். உள்ளே ஏற்கெனவே குஞ்சு பொரித்திருந்தன. அதோடு, விவரங்கள் வரவில்லை என்று கொழும்பிலிருந்து ஆள்மேல் ஆளாகச் சத்தம் போட்டார்கள். வயரைத் திரும்பவும் செருகினார்.

முதலில் பாதிக்கப்பட்டவர் ஆபீஸ் வாச்சர் சோலைமலை. நசுக்கிய அட்டை குடித்தது அவருடைய பெயரைத்தான். அன்று மாலை அவர் சேற்று வழியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்து வந்தபோது பின்னால் காலடித் தடம் இல்லை. திரும்பி நின்று, காலை அழுத்தி வைத்துப் பார்த்தார். சேறு அசையவில்லை.

“இத்தன வருசமா இந்த மனுசன் வீட்டுல இருக்காரா இல்லையான்னே தெரியாது. இப்ப காலடியும் போச்சா?” என்றார் அவருடைய மனைவி பேச்சியம்மா.

சோலைமலைக்கு இதில் வருத்தம் இல்லை. மலையில் உள்ள உண்மையான அட்டைகள் அவரைக் கடிப்பதை நிறுத்திவிட்டன. அவர் அரைக்கால் சட்டையோடு புல்லுக்குள் நடந்து எல்லாருக்கும் காட்டினார். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் மற்ற விஷயங்களும் தெரியவந்தன. காலடி இல்லாதவர்கள் கை காட்டினால் தலவாக்கலை பஸ் நிற்பதில்லை. டிரைவர் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் அவர்களுடைய பெயரை எழுதப் போனால் பேனாவில் மை வரவில்லை. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, அவர்கள் பெயர் வரும் இடத்தில் கங்காணிக்கு இருமல் வந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் ஊசிமலையில் காலடி இல்லாதவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது ஆள் பிரேமினி. ஏழாம் நம்பர் லயத்து ராக்காயியின் மகள், வயது பதினாறு. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். அந்த லயத்தில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சைவரை போனதில்லை. விஞ்ஞானத்தில் அவளுக்குக் கிடைத்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு, ஆசிரியர் அவளுடைய விடைத்தாளைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டியிருந்தார். பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்பு அத்தாட்சி வேண்டும். அதற்குத் தோட்ட ஆபீஸ் கடிதம் வேண்டும். ஒக்டோபர் முப்பதாம் திகதிக்குள் கடிதம் வராவிட்டால் இந்த வருடம் இல்லை என்று அதிபர் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் என்பது அந்த லயத்தில் யாருக்கும் வந்ததில்லை. ஒரு வருடம் வீட்டில் நின்ற பெண்பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடும். அல்லது கொழும்பில் யாருடைய வீட்டுக்காவது சமையல் வேலைக்குப் போய்விடும்.

செப்டெம்பர் நான்காம் திகதி காலை பிரேமினி முன்னாலும் ராக்காயி பின்னாலுமாகப் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ராக்காயி தற்செயலாகக் கீழே பார்த்தார். பாதையில் போகும்போது பதிந்த பழைய தடங்கள் இரண்டு பேருடையதும் இருந்தன. வரும்போது மகளுடைய தடம் இல்லை. மகள் மிதித்த இடத்தில் சேறு வழுவழுவென்று இருந்தது. ராக்காயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அன்றைய பெரட்டுக்குப் போகாமல் நேரே ஆபீஸுக்குப் போனார். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஆபீஸுக்குள்ளே போகும் வழக்கம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவார்கள். அவரும் அப்படித்தான் நின்றார்.

“கிளாக்கரய்யா, எம்புள்ளைக்குக் காலடி இல்லீங்க.”

“தெரியும் ராக்காயி. நான் என்ன செய்ய? கொழும்புக்கு நாலு கடிதம் போட்டாச்சு.”

“கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுங்களா?”

“கெடேல்லை. அது நல்லாத்தான் ஓடுது. அண்டைக்கு எப்பிடி ஓடிச்சோ அப்பிடியே இண்டைக்கும் ஓடுது. செய்த ஆக்கள்தான் இனித் திருத்தம் அனுப்பமாட்டினமாம். ஓடுற சாமானுக்கு ஏன் திருத்தம் எண்டு நானும் இவ்வளவு நாளும் போடேல்லை.”

ராக்காயி திரையில் ஊரும் அட்டைகளைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். பெண்கள் காலையில் மலைக்கு ஏறுவதற்கு முன்னால் அட்டை ஏறாமலிருக்கச் சவுக்காரத்தில் உப்பைக் குழைத்து முழங்கால்வரை பூசுவார்கள். மழை கழுவிக்கொண்டு போனதும் பகல் தேத்தண்ணிக்குப் பிறகு மறுபடியும் பூசுவார்கள். யாரும் இதை யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு நாள் பூசாமல் போனால் போதும்.

“ஐயா, நேத்துப் பூசின சவுக்காரத்தோட இன்னைக்கு மலைக்குப் போவீங்களா?”

“எனக்கென்ன மலையிலை வேலை?”

“அதாங்கய்யா ஒங்களுக்குத் தெரியல. காலு நேத்து மாதிரியேதாங்க இருக்கு. அட்டதான் நேத்து அட்ட இல்ல. நீங்க ஆறு வருசமா கம்ப்யூட்டரோட காலக் கழுவி நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க.”

துரைராசா மதியம் குவாட்டர்ஸுக்குப் போய், பந்தலில் தொங்கிய சீடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எழுபத்திரண்டு இருந்தன. பூரணம் வாசலில் நின்று பார்த்தார்.

“அப்ப பயித்தங்காயை இனிக் கிளி தின்னட்டும், என்ன?”

“தின்னட்டும். ஆயிரம் பேரை அட்டை தின்னுது.”

சீடிகளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, வரிசைப்படி கம்ப்யூட்டரில் போட்டார். அறுபத்தொன்றில் மழையும் வெயிலும் கீறியிருந்ததால் அவை வாசிக்கவில்லை. பதினொன்று வேலை செய்தன. அந்த வாரம் அட்டைகளின் வரத்துப் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, கடைசிக் கடிதத்துக்குப் பிறகு பிறந்த அட்டைகள். அவற்றுக்கான சீடி எந்தப் பந்தலிலும் இல்லை.

பெண்கள் காத்திருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பெரட்டுக்கு முன்னால், இருவர் இருவராக முறை வைத்து ஆபீஸுக்கு வந்தார்கள். முதல் தடவையாக உள்ளேயும் போனார்கள். சிரட்டையில் கொண்டுவந்த உப்புச் சவுக்காரத்தைத் துணியில் தொட்டு, கம்பத்திலிருந்து ஜன்னல்வரை டெலிபோன் வயரில் பூசினார்கள். பேச்சியம்மா ஆர்வத்தில் எழுத்துப் பலகைக்கும் பூசியதில், மூன்று நாளைக்கு எந்த எழுத்தை அழுத்தினாலும் ‘ம’தான் வந்தது. ஆனால் உப்புப் பட்ட அட்டைகள் சுருண்டு விழுந்தன. விழுந்தவை, உப்புப் பட்டால் எந்த அட்டையும் செய்வதுபோல, குடித்ததைக் கக்கின. வெள்ளைத் தாளை விரித்து வைத்தபோது தாளில் பெயர்கள் விழுந்தன. இரண்டு வாரத்தில் இருநூறு பெயர்கள் கிடைத்தன. ஆனால் அட்டையின் வயிற்றுக்குள் கிடந்த பெயர்கள் ஒழுங்காக இல்லை. ஒருவருடைய தகப்பன் இன்னொருவருக்குப் போயிருந்தார். திகதிகள் கலந்திருந்தன. பேச்சியம்மா 1988இல் பிறந்ததாக ஒரு தாளில் வந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று அவர் சொன்னார். “எம்மூத்த மகனுக்கு அப்ப எட்டு வயசு. அவன் ஒன்னும் சொல்லமாட்டான், நல்ல புள்ள.” கிடைத்த பெயர்களைத் துரைராசா கம்ப்யூட்டரில் திரும்பவும் பதிந்தார். பகலில் பதிந்ததை விடிவதற்குள் உள்ளே இருந்த அட்டைகள் குடித்தன.

பிரேமினியின் பெயரும் ஒரு தாளில் விழுந்தது. ‘ராக்காயி மகள் பிரேமினி, 1988.01.09’ என்று இருந்தது. ராக்காயி அந்தத் திகதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அது மகளுடைய திகதி இல்லை என்று மட்டும் சொன்னார். அப்படியானால் அது யாருடையது என்று துரைராசா கேட்கவில்லை. திகதி பிழை என்றால் கடிதம் கொடுக்க முடியாது. பேனாவும் எழுதாது. அன்று செப்டெம்பர் இருபதாம் திகதி.

அப்போதுதான் நாகலெட்சுமி பேசினார். அவர் பிள்ளைக்காம்பராவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். சுவரில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சேலைத் தொட்டில். எந்தப் பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி என்று நினைவு வைக்க, ஒவ்வொரு கொக்கிக்குக் கீழும் பிள்ளையின் பெயரையும் பிறந்த திகதியையும் அவர் சுவரில் எழுதிவந்தார். பென்சிலோ பேனாவோ அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு முத்திரை அடிக்கும் கறுப்பு மையில் ஒரு டப்பா வாங்கி, தீக்குச்சியில் தொட்டு எழுதினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் தோட்டம் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தது. அடித்த வெள்ளையின் மேல் புதிய பிள்ளைகளை எழுதினார். இது ஒரு பெரிய விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

“செவுத்தச் சொரண்டுனா இருக்குங்க. கப்பல் ஏறிப் போற பொட்டிக்கு அடிக்கிற மை. கடல் தண்ணிக்கே போகாது,” என்றார்.

மறுநாள் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் தங்கள் கத்திகளோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார்கள். தேயிலைச் செடியைப் பட்டை உரியாமல் வெட்டப் பழகிய கைகள்; சுண்ணாம்பை வருடம் வருடமாக உரித்தன. முதலில் 2005 தெரிந்தது. அதை எழுதி முடித்ததும் 2004. காகிதத் தடிப்பு இருக்கும் ஒவ்வொரு பூச்சும். பிள்ளைகள் தொட்டில்களில் தூங்கினார்கள். வெள்ளைத் தூள் அவர்கள் மேல் விழாமல் பெண்கள் குடை பிடித்தார்கள். சுவரில் உள்ளதைப் புத்தகத்தில் எழுதும் வேலை பிரேமினிக்குக் கிடைத்தது. பேனா எழுத மறுத்த பெயர்களைப் பெட்டி மை எழுதியது. அவள் தீக்குச்சியைத் தொட்டுத் தொட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வருடம் என்ற கணக்கில் பின்னோக்கிப் போனாள். அந்த வருடம் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த சுண்ணாம்பு மூட்டையை மேனேஜர் திருப்பி அனுப்பினார்.

எட்டாம் நாள் 1990 வந்தது. ஒன்பதாவது கொக்கியின் கீழே ‘ராக்காயி புள்ள, பொம்பள, 90.8.28’ என்று இருந்தது. ராக்காயி குடும்பத்தில் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த பிறகுதான் பெயர் வைப்பார்கள் என்பதால் பெயர் இல்லை. பிரேமினி அதை எழுதிக்கொண்டாள். அதோடு அவள் வேலை முடிந்திருக்கலாம். ஆனால் மற்றவர்களின் பெயர்கள் இன்னும் அடியில் இருந்தன. அடுத்த நாள் அதே கொக்கியின் கீழே இன்னும் இரண்டு பூச்சு உரித்தபோது, அதே கையெழுத்தில் ‘ராக்காயி புள்ள, பொம்பள, 88.1.9’ என்று வந்தது. பிரேமினி தீக்குச்சியைக் கீழே வைத்தாள். தனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ராக்காயியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கூடையோடு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். பதினொரு மாதம் இருந்தது, காய்ச்சல் வந்தது, ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை என்றார்.  பிறகு, ஜன்னலுக்கு வெளியே நிற்பது போலவே கொஞ்சம் தள்ளி நின்று, சுவரைப் பார்க்க வந்திருந்த துரைராசாவிடம் கேட்டார்.

“ஐயா, இவளையும் எழுதிக்கிறீங்களா? இவளும் இந்தத் தோட்டத்துல பொறந்தவதானே.”

“இறந்த பிள்ளையெண்டால் இறந்த திகதியையும் சேர்த்துப் பதியலாம். ஆனா ராக்காயி, பேர் வேணுமே. பேர் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகாது.”

ராக்காயி தலையைக் குனிந்தார். யோசித்து வைத்திருந்த பெயர் அவருக்கு நினைவில்லை.

“மதுரான்னு போடுங்கய்யா,” என்றாள் பிரேமினி. அக்காவுக்குத் தங்கை பெயர் வைத்தது ஊசிமலையில் அதுதான் முதல் தடவை.

இனிப் புதிய கம்ப்யூட்டர் மட்டும்தான் வேண்டியிருந்தது. துரைராசா ஐந்தாவது, ஆறாவது கடிதங்களை எழுதினார். இருப்பது ஓடுகிறதுதானே என்று கொழும்பு பதில் எழுதியது. அந்த வாக்கியத்தை வாசித்தபோது அவருக்குத் தன்னுடைய குரல் கேட்டது. ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, ஊசிமலை வயரில் சவுக்காரத்தால் போக முடியாத அட்டைகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, நூற்று எழுபது கிலோமீட்டர் ஊர்ந்து, கொழும்புத் தலைமை ஆபீஸின் ஒன்பதாம் மாடியில், குளிரூட்டிய அறையில், ஒரு டைரக்டரின் சப்பாத்துக்குள் ஏறின. அவருடைய காலடி கம்பளத்தில் பதியவில்லை. லிப்ட் அவருக்குத் திறக்கவில்லை. ஒன்பது மாடியும் நடந்து இறங்கினார். பதினான்காம் திகதி புதிய கம்ப்யூட்டர் லொறியில் வந்தது.

துரைராசா பழையதிலிருந்து ஒரு வரியைக்கூடப் புதியதில் வைக்கவில்லை. பிரேமினி தன்னுடைய வரியை முந்தவிடாமல், புத்தகத்தை வரிசைப்படி பார்த்து வாசித்தாள். அவர் இராப்பகலாக, இரண்டு விரல்களால் பதிந்தார். சுவருக்கும் முந்திப் பிறந்த வயதானவர்களுக்கு, அட்டை கக்கிய தாள்களை வைத்துக்கொண்டு, அவரவரை நேரில் கூப்பிட்டுச் சரி பார்த்தார்கள். ஒரு பெயர் பதிந்ததும் பதினைந்து நிமிடத்துக்குள் அந்த ஆளுக்குக் காலடி வந்தது. சோலைமலை மட்டும் தன்னை விட்டுவிடும்படி கேட்டார். அட்டை கடிக்காத சுகம் அவருக்குப் பழகிவிட்டது. பேச்சியம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். “பதிஞ்சுக்கிட்டு வாங்க. வாசல் தெளிச்சு வச்சிருக்கேன். தடத்தோட வந்தாத்தான் சோறு.” சோலைமலை பதிந்துகொண்டார்.

இருபத்தெட்டாம் திகதி பகல் இரண்டு மணிக்கு 1990க்கு வந்தார்கள். பிரேமினி தன்னுடைய வரியை மற்ற வரிகளை வாசித்த அதே குரலில் வாசித்தாள். துரைராசா பதிந்தார். கடிதம் அச்சாகி வந்ததும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மை வந்தது. அவள் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஆபீஸ் வாசலிலிருந்து தார் ரோடுவரை முப்பத்தொரு தடங்கள் பதிந்தன. வாச்சர் சோலைமலை எண்ணினார். மதுராவின் வரியை அவள் போன பிறகு துரைராசா தனியாகப் பதிந்தார்.

அடையாள அட்டை டிசம்பர் ஐந்தாம் திகதி வந்தது. பதினோராம் திகதி பரீட்சை. அன்று காலை பிரேமினி பாதையில் இறங்கிப் போவதை ராக்காயி லயத்தில் தங்கள் காம்பரா வாசலில் நின்று பார்த்தார். மகள் வளைவில் மறைந்த பிறகு தடங்களைப் பார்த்தார். பள்ளிச் சப்பாத்தின் தடங்களுக்குப் பக்கத்தில், அப்போதுதான் நடக்கப் பழகும் பிள்ளையின் வெறுங்கால் தடங்களும் இருந்தன. சில இடத்தில் உட்கார்ந்து எழும்பிய அடையாளம் இருந்தது. பீலியடியில் அவை திரும்பி லயத்துக்கு வந்திருந்தன.

பிரேமினி பரீட்சையில் எட்டுப் பாடங்கள் சித்தியடைந்தாள். விஞ்ஞானத்தில் அதிவிசேட சித்தி. பிறகு உயர்தரம் படித்தாள். பழைய கம்ப்யூட்டரின் வெறும் கூட்டுக்குள் சோலைமலையின் கோழி அடைகாத்தது. புதியது மாதத்துக்கு ஒரு தடவை டெலிபோன் வழியாகத் தானே திருத்தம் கேட்டது. துரைராசா ஒன்றையும் தள்ளிப் போடவில்லை. கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் ஜன்னலில் எட்டி, “ஐயா, சவுக்காரம் பூசியாச்சுங்களா?” என்று கேட்பார்கள். “ஓம், பூசியாச்சு” என்பார். புதிய மென்பொருளையும் அதைச் செய்தவர்கள் ஒரு நாள் கைவிடுவார்கள் என்று அறிந்து, அந்த நாள் எது என்று கொழும்புக்குப் போன் பண்ணி விசாரித்தார். அந்தத் திகதியை நாகலெட்சுமி பிள்ளைக்காம்பராச் சுவரில், முதல் கொக்கிக்குக் கீழே, பெட்டி மையில் எழுதினார். தீபாவளிக்கு வெள்ளையடிப்பவர்கள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறார்கள். மழைக்காலத்தில் டெலிபோன் கம்பியில் அட்டைகள் இன்னும் வரிசையாக வந்து, ஜன்னல்வரை ஊர்ந்து, திரும்பிப் போகின்றன. அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

சின்னத் தடங்கள் வருடத்துக்கு வருடம் பெரிதாயின. 2009இல் அவை பீலியைத் தாண்டிப் பள்ளிக்கூட வளைவுவரை போய் வந்தன. பாதையில் போகிறவர்கள் அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்கள். ராக்காயி காலையில் மலைக்குப் போகும் முன் காலுக்குப் பூசும்போது, உப்புச் சவுக்காரத்தில் ஒரு சின்ன உருண்டையைத் தனியாக எடுத்து வாசற்படியில் வைக்கிறார். மழை நாட்களில் மாலைக்குள் அது தீர்ந்துவிடும். மழை பெய்யாத நாட்களிலும் தீர்ந்துவிடுகிறது.